அமானிதம் கொடுக்குமுன்

கல்முனைக் கரையோரத்து ஊர்களில் 'அமானிதம்' என்றொரு சொல் நாள்தோறும் வழங்குகிறது. அரபு மொழியிலிருந்து வந்து நம் தமிழோடு கலந்துவிட்ட சொல் அது. ஹஜ்ஜுக் கடமைக்காகப் புறப்படும் மூதாட்டி ஒருவர் தம் நகைகளை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்கிறார். அந்த நகை அமானிதம். தகப்பனை இழந்த பிள்ளையின் காணியைப் பெரியப்பா பார்த்துக்கொள்கிறார். அந்தக் காணி அமானிதம். பிறர் பொருளைக் காத்து, கேட்ட அன்று குறைவின்றித் திருப்பிக் கொடுக்கும் கடமையே அச்சொல்லின் உயிர். பள்ளிவாசலை நிருவகிக்கும் சபைக்கும் இங்கே 'நம்பிக்கையாளர் சபை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நகையை ஒப்படைக்குமுன் அந்த மூதாட்டி எத்தனை விசாரிப்பார்! அந்த வீட்டாருக்குக் கடன் உண்டா, முன்பு யாராவது அங்கே பொருள் வைத்து ஏமாந்தார்களா என்றெல்லாம் நாலு பேரிடம் கேட்டறிந்த பின்னரே முடிச்சை அவிழ்ப்பார். ஆனால், பாடசாலையையும் வைத்தியசாலையையும் வரிப் பணத்தையும் சட்டம் இயற்றும் அதிகாரத்தையும் ஐந்தாண்டுகளுக்கு ஒருவரிடம் ஒப்படைக்கும் நாளில், அந்த விசாரணையில் பாதியையேனும் நாம் செய்கிறோமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை 1931இல் கிடைத்தது. ஆசியாவிலேயே முதன்முதலாக இவ்வுரிமையைப் பெற்ற நாடு நம்முடையது. ஒன்பது தசாப்தங்களுக்கும் மேலாக வாக்களித்துவரும் ஒரு மக்கள் கூட்டம், யாரை நம்பலாம் என்று அறியும் கலையில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று கேட்பது பிழையன்று.

வெள்ளையுடையும் வேட்பும்

அந்நாட் பத்திரிகைகள் தேர்தலில் நிற்பவரை 'அபேட்சகர்' என்று எழுதின. இன்று 'வேட்பாளர்' என்கிறோம். இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: விரும்புபவர். ஆசனத்தை அவர் விரும்புகிறார் என்பதை அச்சொற்கள் சொல்லும். அவர் தகுதியுடையவரா என்பதைச் சொல்லா. ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லோ பண்டைய ரோமாபுரியிலிருந்து வந்தது. பதவி நாடி நின்றோர் சுண்ணம் பூசி வெளுத்த அங்கி அணிந்து சந்தை வெளியில் கைகுலுக்கித் திரிந்தனராம். 'வெள்ளையுடுத்தவர்' என்பதே அச்சொல்லின் மூலப் பொருள். இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றும் நம் மேடைகளில் உடையின் நிறம் பெரிதும் மாறவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

உடையைக் கண்டு மயங்காதவர்களும் வேறு மூன்றைக் கண்டு மயங்குவதுண்டு. முதலாவது, ஊர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1989 பொதுத் தேர்தலில் அம்முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில், அம்பாறை என்ற தொகுதிகள் 'திகாமடுல்ல' என்ற ஒரே தேர்தல் மாவட்டத்தில் அடங்கின. வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி இட்டபின் மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கலாம். இதன் விளைவாக ஒரே பட்டியலில் நிற்கும் நிந்தவூர்க்காரரும் அக்கரைப்பற்றுக்காரரும் தம்முள் போட்டியிட நேர்ந்தது. 'நம்மூர் ஆள்' என்பதே பெருந்தகுதியாயிற்று.

இரண்டாவது, குடி. தாய்வழி வரும் குடிமுறை இக்கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் முறை வகுக்கப் பயன்பட்ட அது, வாக்குப் பெட்டி வரையும் வந்துவிடுகிறது. மூன்றாவது, மேடைப் பேச்சு. நம் நாட்டில் நல்ல பேச்சுக்கு எந்நாளும் பஞ்சமில்லை.

ஊர்ப்பற்றும் உறவும் இழிந்தவை என்று நாம் சொல்ல வரவில்லை. அவை ஒருவரை அறிமுகப்படுத்தும். ஆனால் அறிமுகம் வேறு, நம்பிக்கை வேறு. நம்பிக்கைக்கு மூன்று கணக்குகளைப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து: பொருட் கணக்கு, சொற் கணக்கு, கடைமடைக் கணக்கு.

பொருட் கணக்கு

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்தரமேரூரில், கி. பி. 920ஆம் ஆண்டளவில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தணர் சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. சொந்த மனையில் வீடு, இறை செலுத்தும் காணி, கல்வி, குறித்த வயதெல்லை ஆகியன தகுதிகள். தகுதியின்மைகளுள் முதன்மையானது யாது தெரியுமா? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது! எல்லாருக்கும் உரிமை தந்த சபையன்று அது. எனினும் கணக்குப் பற்றிய அந்த விதி ஆயிரம் ஆண்டு கழிந்தும் புதிதாகவே இருக்கிறது.

கலீபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் குறித்து வைத்து, பின்னர் அது காரணமின்றிப் பெருகியிருப்பின் விளக்கம் கேட்டார் என்று இஸ்லாமிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பதவியைத் தாமாகவே நாடிக் கேட்டவர்களிடம் அதை ஒப்படைக்க நபிகள் நாயகம் அவர்கள் தயங்கினார்கள் என்பதும் ஹதீஸ்களில் வரும் செய்தி. திருவள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாது நம்புவதால் வரும் கேட்டை எடுத்துக் கூறினார். ஆக, கணக்குக் கேட்பது அவமதிப்பு என்ற எண்ணம் நம் இரு மரபுகளிலும் இல்லை.

கல்முனைத் தொகுதியே இதற்கு ஒரு பெரிய பாடத்தைத் தந்திருக்கிறது. கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர் இக்கரையில் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்த தலைவர். சட்டசபைகளின் உறுப்பினர்கள் மீது சாட்டப்பட்ட இலஞ்சக் குற்றங்களை விசாரிக்க 1959இல் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. தலைவர் பெயரால் அதைத் தல்கொடபிட்டிய ஆணைக்குழு என்பர். அவ்வாணைக்குழு குற்றம் கண்டவர்களுள் காரியப்பரும் ஒருவர். அது நடந்த பின்னரும் 1965 மார்ச்சில் கல்முனை மக்கள் அவரையே பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பினர். அதே ஆண்டு பாராளுமன்றம் 14ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி, ஆணைக்குழுவினாற் குற்றங் காணப்பட்டோரின் குடியியல் உரிமைகளை 7 ஆண்டுகளுக்குப் பறித்தது. காரியப்பர் ஆசனத்தை இழந்தார்.

அவர் வாளாவிருக்கவில்லை. ஆணைக்குழு ஒரு நீதிமன்றமன்று. நீதிமன்றம் செய்ய வேண்டியதைப் பாராளுமன்றம் தானே செய்துவிட்டது என்று வழக்காடினார். உயர் நீதிமன்றத்தில் தோற்று, இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றார். 1967இல் அங்கும் அவர் வாதம் ஏற்கப்படவில்லை. அவ்வழக்கு இன்றும் சட்ட மாணவர்களால் ஊன்றிப் படிக்கப்படுகிறது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. நம் கேள்வி வேறு. ஆணைக்குழு ஒரு முடிவு சொன்னது; வாக்காளர் வேறொரு முடிவு சொன்னார்கள்; பாராளுமன்றம் மூன்றாவதாக வந்து வாக்காளரின் முடிவை அழித்தது. வாக்காளர் ஆணைக்குழுவின் முடிவை நன்கு ஆராய்ந்து, அது தவறென்று கண்டு வாக்களித்திருந்தால், அது அவர்கள் உரிமை. ஆராயாமலே, 'எப்படியிருந்தாலும் நம்மவர்' என்று வாக்களித்திருந்தால், தம் ஊரின் ஆசனத்தைக் கொழும்பிலுள்ளோர் கையில் தாமே எடுத்துக் கொடுத்தவராவர். வாக்காளர் செய்ய மறந்த விசாரணையைப் பிறர் செய்யும்போது, அவ்விசாரணை வாக்காளருக்கு உவப்பாக அமையும் என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை.

சொற் கணக்கு

1956 பொதுத் தேர்தலில் கல்முனையிற் காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றனர். தமிழ் பேசும் மக்கள் அனைவரும் ஓரணி என்று மேடைகள் முழங்கிய காலம் அது. வென்ற பின் இருவரும் அரசாங்கப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். முஸ்தபா பின்னாளில் நிதி அமைச்சராகவும் விளங்கினார். 1960 ஜூலைத் தேர்தலில் அதே கட்சியின் சார்பில் கல்முனையில் வென்ற எம். சீ. அகமதுவும் பின்னர் அவ்வாறே கட்சி மாறினார்.

அறுபது ஆண்டுகள் கழித்தும் இக்கதை முடியவில்லை. 2020 அக்டோபர் 22ஆம் நாள் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். எதிரணிப் பட்டியலில் தெரிவான அக்கட்சியின் உறுப்பினர் நால்வரோ ஆதரித்து வாக்களித்தனர். அவர்களுள் இருவர் திகாமடுல்ல மாவட்டத்தினர். வேறொரு தருணத்தில் கட்சியின் முடிவுக்கு மாறாக வாக்களித்துக் கட்சியினின்று நீக்கப்பட்ட மட்டக்களப்பு உறுப்பினர் நஸீர் அஹமட், அந்நீக்கம் செல்லும் என்று 2023 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அமைச்சர் பதவியில் இருந்தபடியே ஆசனத்தை இழந்தார்.

பக்கம் மாறுவோர் எல்லாரும் பணத்துக்காகவே மாறுகிறார்கள் என்று சொல்வது அநீதி. எதிரணியில் அமர்ந்திருப்பவரால் ஊருக்கு ஒரு வீதியும் வராது என்பது இக்கரை மக்கள் கண்ட அநுபவம். 'அமைச்சில் இருந்தாற்றான் காரியம் நடக்கும்' என்று வாக்காளரே தூண்டுவதுமுண்டு. ஆனால் நம்பிக்கைக்குரியவர் தம் எண்ணத்தைத் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருப்பார். 'நான் எதிரணியிற் கேட்கிறேன். தேவைப்பட்டால் அரசாங்கத்தை ஆதரிப்பேன்' என்று மேடையிற் சொல்லி வென்றவர் பின்னர் ஆதரித்தால் அது வஞ்சகமன்று. முன்பு ஒன்று சொல்லிப் பின்பு ஒன்று செய்தவர், காரணத்தை ஊரார் முன் வந்து விளக்கினாரா என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

சொன்ன சொல்லுக்காகப் பதவியை விட்டவரும் இம்மண்ணில் இருந்திருக்கிறார். சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம். எச். எம். அஷ்ரப் 1989இல் பாராளுமன்றம் சென்றார். 1994இல் உள்ளூராட்சித் தேர்தலின்போது, தாம் குறித்த வெற்றி கிட்டாவிடில் ஆசனத்தைத் துறப்பதாகச் சவால் விடுத்தார். அவ்வெற்றி முழுமையாகக் கிட்டவில்லை. அவர் ஆசனத்தைத் துறந்தார். அதே ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் மக்கள் அவரை மீண்டும் அனுப்பினர், அமைச்சருமானார். சொல்லைக் காத்தவரிடம் மக்கள் தம் அமானிதத்தை மீண்டும் ஒப்படைத்தனர் என்றே நாம் அதைக் கொள்கிறோம்.

ஆயினும் மதிப்புக்குரிய தலைவரின் செயல்களையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பதே மாணவர்க்கு அழகு. அஷ்ரப்பின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இன்று எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் கல்வி தருகிறது. அவர் கனவு கண்ட ஒலுவில் துறைமுகமோ, அவர் 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்து பல ஆண்டுகளின் பின், டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. வாயிலை மணல் அடைத்தது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டங்களும் மீனவர் தோணி ஏற்றும் இடமும் அழிந்தன. பெரிய திட்டமொன்றை ஒருவர் முன்வைக்கும்போது, 'இதை ஆராய்ந்தவர் யார்? தவறினால் யார் ஈடு செய்வார்?' என்று கேட்கவேண்டும் என்பதை ஒலுவில் கரை நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கடைமடைக் கணக்கு

நம் பகுதியில் வயற் கண்டங்களுக்கு வட்டவிதானையை விவசாயிகளே தெரிந்தெடுப்பது வழக்கம். வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைப்படி தண்ணீர் பகிர்வது அவர் பொறுப்பு. அவர் நல்லவரா என்பதைத் தலைமடை வயற்காரரிடம் கேட்டுப் பயனில்லை; அவர் வயலுக்கு எப்படியும் தண்ணீர் பாயும். கடைமடை வயற்காரரிடம் கேட்க வேண்டும். 'சென்ற போகத்தில் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்ததா?' என்ற ஒரே கேள்வி போதும். அவருக்கு வேண்டாதவன் வயலுக்கும் வந்திருந்தால், அவரே தக்கவர்.

அரசியலில் கடைமடை எது? தமக்கு வாக்களிக்காத ஊர். தம் இனமல்லாத மக்கள். பேசத் தெரியாத ஏழை. கல்முனையில் இக்கேள்வி மிகவும் கூர்மையானது. 1989இல் தொடங்கப்பட்ட கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டும் என்று தமிழ் மக்கள் கேட்கின்றனர்; நில எல்லையும் நகரத்தின் பங்கும் தீராமல் அது கூடாது என்று முஸ்லிம் மக்கள் அஞ்சுகின்றனர். 2019 ஜூனில் ஒரு பக்கத்தில் உண்ணாவிரதமும் மறு பக்கத்தில் சத்தியாக்கிரகமும் நடந்தன. சாய்ந்தமருது மக்கள் தமக்குத் தனி நகர சபை கேட்டனர். வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெருங்கட்சிகளைக் கைவிட்டுச் சுயேச்சைக் குழுவை வெல்ல வைத்தனர். 2020 பெப்ருவரியில் நகர சபைக்கான வர்த்தமானி அறிவித்தல் வந்தது. சில நாட்களிலேயே திரும்பவும் பெறப்பட்டது.

இத்தகைய பிரச்சினையில் ஓர் அபேட்சகரை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. பாண்டிருப்பில் தமிழர் கூட்டத்திற் பேசியதையும் கல்முனைக்குடியில் முஸ்லிம் கூட்டத்திற் பேசியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாயிருந்தால் அவர் துணிவுள்ளவர். தீர்வு காணவும் கூடியவர். இரு கூட்டத்திலும் இருவேறு கதை சொல்பவர், வாக்குக்காகப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பவர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப் பேரலை இக்கரையில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோது தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்று பார்த்துப் புகவில்லை. அந்தப் பேரிழப்பின் பின்னரும் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கினால் ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்தன. கடைமடைக்குத் தண்ணீர் விடத் தெரியாத தலைமையின் விலை அது.

கையில் உள்ள கருவிகள்

'சேர், எல்லாரும் ஒரே மாதிரித்தானே? யாருக்குப் போட்டால் என்ன?' என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. எல்லாரும் கள்வர் என்ற எண்ணம் அறிவுடைமைபோலத் தோன்றும். ஆனால் அதனால் உண்மையான கள்வருக்கே இலாபம். நல்லவருக்கும் தீயவருக்கும் ஒரே விலை போட்டால், நல்லவர் சந்தைக்கே வரமாட்டார்.

வேறுபாட்டைக் காண இன்று வழிகள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தக் குடிமகனும் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். முன்பு சபை உறுப்பினராயிருந்தவர் இன்று பாராளுமன்றத்துக்குக் கேட்கிறாரா? அவர் காலத்தில் எவ்வளவு பணம் வந்தது, எந்த வீதிக்குச் சென்றது என்று கேட்டு எழுதுங்கள். பாராளுமன்றத்தில் பேசியதை ஹன்சாட் பதிவேடு காட்டும். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அபேட்சகரின் சொத்து விபரங்களை வெளிப்படுத்தக் கோருகிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அவ்விபரங்களைத் தேர்தல் ஆணைக்குழு யாவரும் காண வெளியிட்டது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். உத்தரமேரூரில் கல்லிலே வெட்டிய விதி நம் நாட்டிற் சட்டப் புத்தகத்துக்கு வந்துவிட்டது. அதைப் புரட்டிப் பார்க்கும் கைகளே இன்னும் போதவில்லை.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. தேர்தல் இரவில் கைத்தொலைபேசிக்கு வரும் வதந்தியைக் கேட்டு ஒருவர் பெயரைக் கெடுப்பதும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகமே. மற்றையது, வாக்கைக் கேட்பவரிடம் முழுமையைத் தேடுபவர் ஏமாறுவார். பிழை செய்யாதவரைக் காண்பது அரிது. பிழை செய்தபின் மறைக்காமல் ஊரார் முன் வந்து நிற்பவரைக் காணலாம், அவரே போதும்.

ஆகவே, அடுத்த தேர்தல் அறிவிக்கப்படுமுன்பே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பியைத் திறந்து வைக்கலாம். பெரிய பிள்ளையிடம் அப்பொறுப்பைக் கொடுங்கள். தந்த வாக்குறுதியை நாளோடு எழுதட்டும். நடந்ததை எதிர்ப் பக்கத்தில் எழுதட்டும். நம்மவர் அல்லாதாருக்கு அவர் என்ன செய்தார் என்பதற்கும் ஒரு நிரல் விடட்டும். 18 வயதில் முதல் வாக்கை அளிக்கச் செல்லும் அன்று அப்பிள்ளைக்கு யாரும் வழி சொல்லத் தேவையிராது. கொப்பி வைத்திருக்கும் வீட்டுக்கு வாக்குக் கேட்டு வருபவரும், படலையைத் திறக்குமுன் தம் கணக்கை ஒரு முறை சரிபார்த்துக் கொள்வார்.